சுவரில் மாட்டிய கையெழுத்து

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா நாகப்பன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும், அதனால் கேட்டுவிடுகிறேன், ஹாலந்தில் நீ நலமாக இருக்கிறாயா, குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே உன் அம்மா நலம், தம்பி திருச்செல்வம் நலம், அவன் மனைவி தனுஜாவுக்கு இது ஏழாம் மாதம், அவளும் நலம். நான் மட்டும் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டால் என் கோபத்தில் பாதி போய்விடும், மீதியை உன் அம்மா போனைப் பிடுங்கி அழுது தீர்த்துவிடுவாள். இந்தத் தடவை அது குறையக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி. பாதியில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடாதே.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மாடசாமி நர்சரிக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தான். நான் நாற்று வைக்கும் பொலிபேக் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மண். ஒரே பக்கம், முழுக்க இங்கிலீஷ், மேலே நீ வேலை பார்க்கிற கம்பெனி முத்திரை, கீழே டாக்டர் ரூபினி ஏ/பி நாகப்பன், அதாவது நாகப்பன் மகள், என்று அச்சடித்து உன் கையெழுத்து. உன் பெயர், அதோடு ஒட்டிக்கொண்டு என் பெயர். முப்பத்தெட்டு வருஷம் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் என் பெயர் ஏறியதில்லை. மாடசாமி, “ஒங்க மவ கண்டுபிடிச்ச செடி நம்ம தோட்டத்துக்கே வருதுண்ணே, நீங்களும் ஒரு சைன் வைக்கணுமாம்” என்றான். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் விரல் காட்டிய இடத்தில் போட்டேன். போட்டதோடு விட்டேனா, எனக்கும் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கி, பிரிஞ்சாங் டவுனுக்கு எடுத்துப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டேன். போகிற வழியில் மூசா பாய் கடையில் டீ குடித்தவர்களுக்கெல்லாம் காட்டினேன், மூசா பாய் மூக்குக்கண்ணாடி இல்லாமலே அதைக் கையில் வாங்கி, “புள்ள அப்பாவ மறக்கல பாத்தீங்களா நாகப்பன்” என்றார். வீட்டில் உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினோம். உன் அம்மா கண்ணாடிமேல் குங்குமம் வைத்தாள், கேசரி கிண்டி லயத்து வீடுகள் முழுக்கக் கொடுத்தாள்.

தீபாவளி அன்று குணாளன் வந்தான். உன் சித்தி மகன்தான், கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கிறானே, வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசி அவனுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. முறுக்குத் தட்டோடு சுவர் பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். முழுக்கப் படித்துவிட்டு, “பெரியப்பா, இத படிச்சிட்டுத்தான் மாட்டுனீங்களா?” என்று கேட்டான். படித்துச் சொல்லடா என்றேன், உன் அம்மா அடுப்படிக்குப் போகட்டும் என்று காத்திருந்து மெதுவாகச் சொன்னான். அந்தச் செடியை நான் கண்டுபிடிக்கவும் இல்லை உருவாக்கவும் இல்லையாம், தோட்டத்து ஆளாகச் சொன்ன வேலையைத்தான் செய்தேனாம், அதன்மேல் எனக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாதாம், இனிமேல் அதிலிருந்து ஒரு கொப்புகூட வெட்டமாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேனாம். இதைத்தான் நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இதற்குத்தான் உன் அம்மா குங்குமம் வைத்தாள். வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேனே, அதில் எத்தனை பேர் படித்துவிட்டு உள்ளுக்குள் சிரித்தார்களோ தெரியாது. வெட்கம் என்றால் என்ன என்று அறுபத்தொரு வயதில் நீ எனக்குக் காட்டிவிட்டாய்.

அந்தச் செடியின் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பதினாலாம் நம்பர் மலை வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த மலை, அதனால் அங்கே ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. மழைக்காலம் வந்தால் கொழுந்து முழுக்கக் கொப்புளம் போட்டு இலை கருகிவிடும், மருந்தடித்து மருந்தடித்து எங்கள் நெஞ்சுதான் காய்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரே ஒரு செடி மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றது. பிடிவாதக்காரி என்று நான்தான் பெயர் வைத்தேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. அதில் கொப்பு வெட்டி, ஒவ்வொரு இலைத்துண்டாகப் பையில் நட்டு, லயத்துப் பின்னால் நிழல் கட்டி வளர்த்து, வேண்டுமென்றே நோய் பிடித்த செடிகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துப் பதினொரு வருஷம் பார்த்தேன். அப்போது தோட்ட மேனேஜராக இருந்த துரையிடம் சொன்னதற்கு, செத்துப்போன செடிகளின் இடத்தில் வேண்டுமானால் நட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். முந்நூறு செடி ஆக்கினேன், ஒன்றில்கூடக் கொப்புளம் இல்லை. நீ யுனிவர்சிட்டியில் கடைசி வருஷம் படிக்கும்போது புராஜெக்டுக்கு ஏதாவது இலை வேண்டும் என்று கேட்டாய். வேறு ஏதாவது இலையா கொடுத்தேன்? ஐஸ் பெட்டியில் வைத்து, எந்தச் செடி, எந்த வருஷம், பக்கத்தில் என்ன நோய் என்று சீட்டு எழுதிக் கட்டி, எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவரைக் கெஞ்சி ஏழு தடவை அனுப்பினேன். அந்தச் சீட்டுகள் எங்கே ரூபினி? அதில் எல்லாம் என் கையெழுத்துதான் இருந்தது.

அப்பாவுக்கு இந்த சயின்ஸ் எல்லாம் புரியவில்லை என்று மட்டும் பதில் எழுதாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். உன் அம்மாவுக்குக் கால் புண் ஆறாமல் டாக்டர் விரலை எடுக்க வேண்டும் என்று பயமுறுத்தியபோது, இன்சுலின் ஊசியா, ஐயோ வேண்டாம் என்று அவள் ஓடினாள். நீதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்து சொன்னாய், மனுஷ உடம்பில் இன்சுலின் சுரக்கச் சொல்லும் குறிப்பை எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்துவிட்டால் அது தொட்டி தொட்டியாகச் செய்து கொடுக்கும், ரொட்டி பொங்குவதற்குப் போடுகிறோமே அந்த ஈஸ்ட்டுதான் என்று. அவளுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. இன்றைக்கு அவள் காலில் ஐந்து விரலோடு கொழுந்தெடுக்கப் போகிறாள் என்றால் அந்தப் படிப்பு கொடுத்த புண்ணியம், நான் இல்லை என்று சொல்வேனா. புதுச் செடிகளையும் போய்ப் பார்த்தேன். தோட்டத்து ஆபீசில் கண்ணாடிப் போத்தல்களில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், நாம் பெருநாளுக்குச் செய்கிற அகார்-அகார் கடல்பாசிதான் அடியில், அதில் சுண்டு விரல் உயரத்துக்கு நிற்கிறது. ஒரு இலைத் துணுக்கிலிருந்து ஆயிரம் செடி எடுக்கலாமாம், எந்தக் குறிப்பினால் அதற்குக் கொப்புளம் வராது என்று கண்டுபிடித்தது நீயாம். சந்தோஷம். நான் பதினொரு வருஷம் பார்த்ததற்கு நீ காரணம் கண்டுபிடித்தாய், அது பெரிய வேலை, என்னால் ஆகாது. ஆனால் என் வேலை நடக்கவே இல்லை என்று எழுதினால்தான் உன் வேலை பெரிதாகுமா? போத்தலில் அதன் பெயர் என்ன தெரியுமா, நாலு எழுத்து, மூன்று எண், லோரி நம்பர் மாதிரி. இலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வளர்த்ததை நான் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு மிஷினும் வேண்டாம்.

இதோடு முடிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். போன வாரம் இப்போதைய துரை கூப்பிட்டு, தைப்பூசம் முடிந்த வாரம் மண்வாரி மிஷின் வருகிறது, பதினாலாம் நம்பரில் இருக்கிற பழைய செடி எல்லாவற்றையும் பிடுங்கப் போகிறோம் என்றார். பிடிவாதக்காரியும் அந்த முந்நூறும் வெளியே நின்றால் எவனாவது கொப்பு வெட்டிக்கொண்டு போய்விடுவான், அதனால் கம்பெனிக்கு நஷ்டம் என்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் பைகளையும் ஒப்படைக்க வேண்டுமாம். வேண்டாம் துரை, பிள்ளை மாதிரி வளர்த்தது என்றேன். அவர் அந்தக் காகிதத்தை மேசையில் வைத்து என் கையெழுத்தைக் காட்டினார். வெளியே வந்து மாடசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டேன், முதல் தடவையாக ஒரு கிராணிமேல் கை வைத்தேன், அதுவும் உன்னால்தான். அவன் பயந்துபோய், “நா என்னாண்ணே செய்வேன்? அங்க கம்பெனிலருந்து ஈமெயில் வந்துச்சு லா, ஒங்க மவதான் சொல்லியிருக்கு, எம் பேரு இருந்தாப் போதும், அப்பா படிக்காமயே சைன் போட்டுருவாருன்னு” என்றான். சட்டையை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு நாளாக எழுதுகிறேன்.

உன் அம்மாவிடம் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் உன் பக்கம்தான் பேசுகிறாள். புள்ள அந்த ஊரில் தனியாக இருக்கிறது, மேலே இருக்கிறவன் சொன்னால் அது என்ன செய்யும் என்கிறாள். அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி எறிகிறேன் என்றால் விட மாட்டேன் என்கிறாள், உன் பெயர் இருக்கிறதாம். நான் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன், காலையில் சாமி கும்பிடும்போது அவள் மறுபடி நேராகத் திருப்புகிறாள், ஒரு வாரமாக இதுதான் வீட்டில் நடக்கிறது. திருச்செல்வம் கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டிக்கொண்டு வந்தவன் இதைப் பார்த்துச் சிரித்தான், அவனை நாலு வார்த்தை திட்டினேன், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான். தனுஜாவுக்கு நீ அனுப்பிய சத்து மாத்திரை வந்துவிட்டது, டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். நீ குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் சைக்கிளில் போகிறாய், படத்தில் பார்த்தேன், சின்ன வயசிலிருந்தே உனக்குக் காதில்தான் சளி இறங்கும், துணி கட்டிக்கொள். கோபம் வேறு, இது வேறு.

இனி நான் கேட்பது இரண்டுதான். பணம் கேட்கவில்லை, அந்தப் பேச்சை எடுத்து என்னை இன்னும் கேவலப்படுத்தாதே. முதலாவது, அந்தச் செடியைக் கண்டுபிடித்து, பதினொரு வருஷம் நோய்க்கு நடுவில் வைத்துப் பார்த்தவர் என் அப்பா என்று நீ உன் கம்பெனிக்கும் இங்கே துரைக்கும் உன் கையால் எழுத வேண்டும், பழைய செடிகளைப் பிடுங்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது, திட்டுவேன், ஆனால் புரிந்துகொள்வேன். நீ எழுதாவிட்டால் மண்வாரி வரும் அன்றைக்கு நான் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போய் நிற்பேன். காகிதத்தில் கொப்பு வெட்ட மாட்டேன் என்றுதான் இருக்கிறதாம், நிற்க மாட்டேன் என்று இல்லையாம், குணாளனிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். போலீசைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். உன் அம்மாவும் வருகிறேன் என்கிறாள், அவளை எப்படி வீட்டில் நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

தைப்பூசத்துக்கு முன்னால் உன் பதில் என் கைக்கு வந்துசேர வேண்டும், சாதாரணத் தபாலில் போடாதே, காணாமல் போய்விடும். முருகன் உன் உடம்புக்கும் வேலைக்கும் துணையிருக்கட்டும், நல்ல ஆயுசோடு இரு, எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து இரு. இரண்டாவதாக நான் கேட்பது, மாடசாமி சொன்னது உண்மையா என்பது. அப்பா படிக்காமலே போட்டுவிடுவார் என்று நீ சொன்னாயா. ஊரில் அவனை யாரும் நம்ப மாட்டார்கள், நானும் இதுவரை நம்பியதில்லை. நீ இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மேலே ஒன்றும் கேட்காமல் நம்பிவிடுவேன். அதனால் பொய் மட்டும் எழுதாதே அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா,
நாகப்பன்