எண் அழிஞ்ச முந்நூத்தி அறுபது ஓடு

786

விருத்தாசலம்
11-2-1975

என் அன்பு மகன் அமீனுதீனுக்கு ஒன் அம்மா சலாமும் துஆவும் சொல்லி எழுதுறது. அல்லாஹ்வோட கிருபையில நானும் ஒன் தங்கச்சி சுல்தானாவும் இங்க ஒரு குறையும் இல்லாம இருக்கோம், குவைத்துல நீயும் அதுபோல நல்லபடியா இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒன் காயிதம் வந்து இருபது நாளாவுது, பதிலைக் காணோமேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பே, தெரியும். கோவத்துல எழுதாம இல்ல, கையில ஒரு வேலை இருந்துது, அது முடியட்டும்னு இருந்தேன், இப்ப முடிஞ்சிது. அங்க குளிரு ஊசியா குத்துதுன்னு எழுதியிருந்தே. காதை மூடாம வெளிய போவாதே, சின்னதுலேர்ந்து ஒனக்கு எந்த நோவு வந்தாலும் காதுலதான் ஆரம்பிக்கும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீ அனுப்பின சேலை வந்துது, நல்ல சேலை, எனக்குக் கொஞ்சம் பளபளப்பு சாஸ்தி, இருந்தாலும் கட்டிக்கிட்டேன். எங்க கட்டிக்கிட்டுப் போனேன்னு பின்னாடி எழுதுறேன்.

இப்ப ஒன் காயிதத்துக்கு வரேன். சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க நோன்புக்கு முன்னாடி சுல்தானாவைப் பாக்க வர்றாங்க, அதுக்குள்ள நீங்க பீங்கான் கம்பெனியை விட்டு நின்னுடணும், நான் இவ்வளவு தூரம் வந்து சம்பாதிக்கிறப்ப நீங்க களிமண்ணுலயும் சூளையிலயும் கெடக்குறது எனக்குக் கவுரவமா இல்லைன்னு எழுதியிருக்கே. அதாவது பரவால்ல, புள்ள அக்கறையில சொல்லுதுன்னு எடுத்துக்கலாம். ஒங்கூட ரூம்ல இருக்குற லால்பேட்டைப் பையன் லீவுல வந்துட்டுப் போனவன், முக்குக் கடை அலாவுதீன் பாய்கிட்ட, அமீனோட அம்மா வேலைக்கெல்லாம் போவாம வூட்டோடதான் இருக்காங்களாமே, அமீன் சொன்னானேன்னு கேட்டிருக்கான். அந்த பாய் சிரிச்சிக்கிட்டே எங்கிட்ட வந்து சொல்றாரு. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல தம்பி, மறைக்காம எழுதுறேன். ஒங்க அத்தா மவுத்தானப்ப ஒனக்குப் பதினோரு வயசு, சுல்தானாவுக்கு அஞ்சு. நாலு மாசம் பத்து நாளு இத்தா இருந்து முடிஞ்ச மறுவாரமே அந்த கேட்டுக்குள்ள போனவ நான், பன்னெண்டு வருசம் ஆச்சு. நீ பாஸ்போர்ட்டு எடுத்ததும் படிச்சதும் அந்தக் களிமண்ணுலதான்னு நான் சொல்லிக் காட்ட மாட்டேன், சொல்லாம இருக்கவும் முடியல பாரு. சரி, நீ நிக்கச் சொல்லி எழுதின காயிதம் எந்த நேரத்துல வந்து சேந்துதுன்னு சொல்றேன் கேளு.

பெண்ணாடம் தாண்டி வெள்ளாத்துக்கு அந்தாண்ட வேங்கைமேட்டு அரண்மனைன்னு ஒண்ணு இருக்குதே, வௌவால் புடிச்சிக் கெடந்துதே, அதை அந்த வம்சத்து சின்ன ராஜா இப்ப புதுப்பிக்கிறாரு. மெட்ராஸுலயும் வெளிநாட்டுலயும் படிச்சவரு. பழைய மாதிரியே கட்டி மூடி வச்சா யாரு பாக்கப் போறா, தூணும் கதவும் பழசாவே இருக்கட்டும், சுவரும் நடு முத்தமும் இந்தக் காலத்துக் கலையா இருக்கட்டும், ஊரு சனமெல்லாம் உள்ள வந்து பாக்கட்டும்னு சொல்லிட்டாரு. முத்தத்துல இரும்புத் தகட்டை வளைச்சு நிறுத்தியிருக்காங்க, என்னான்னு கேட்டா பறவையாம். தர்பாரு மண்டபத்துல ராஜா ஒக்கார்ற எடத்துக்குப் பின்னாடி முழுச் சுவருக்கும் பீங்கான் ஓட்டுல நவீன ஓவியம். அந்த ஓட்டு வேலைதான் நம்ம கம்பெனிக்கு வந்துது. வரையறவங்க மெட்ராஸுல இருக்குற ஒரு அம்மா, அம்புஜவல்லின்னு பேரு, பொறந்த ஊரு நம்ம ஸ்ரீமுஷ்ணம்தான். முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டு, ஆம்பளை சட்டை போட்டுக்கிட்டு, களிமண்ணுல சம்மணம் போட்டு ஒக்காந்துடுவாங்க. எனக்கு மொத நாளே புடிச்சிப் போச்சு.

முந்நூத்தி அறுபது ஓட்டையும் கம்பெனி ஷெட்டுல தரையில வரிசையாப் பரப்பி, அந்தம்மா கோடு போடப் போட, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் கொளஞ்சியும் ஒக்காந்து மேல் பூச்சு கிளேஸைப் பூசினோம். கொளஞ்சி யாருன்னு கேப்பே, எங்கூட வேலை செய்யிற பொண்ணு, நொட்டாங்கைக்காரி, எல்லாம் எடது கைதான். நீ சோத்துத் தூக்கை எடுத்துக்கிட்டு வர்றப்ப பாத்திருப்பே, பூசுறப்ப எல்லாக் கிளேஸும் சாம்பலும் வெளிர் செவப்புமாத்தான் இருக்கும், சூளையில வெந்து வந்தாத்தான் நீலமா பச்சையான்னு தெரியும். அதுல ஓவியம் என்னான்னு கேட்டியானா, சாமியும் இல்ல, மரமும் இல்ல, மனுசனும் இல்ல. அந்தம்மா கையில ஒரு சின்னத் தாளு, அதுல வெறும் பென்சில் கோடு, அதையும் பாக்காமலே தரையில மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே போனாங்க. முடிஞ்சதும் ஒவ்வொரு ஓட்டு முதுகுலயும் காவித் தண்ணியால எண்ணு எழுதிட்டு, டில்லியில கண்காட்சி இருக்குது, பதினஞ்சு நாள்ல வரேன்னு கிளம்பிட்டாங்க.

சூளைக்குப் போற சாமானுக்கு அடி தொடைக்கணும், தெரியுமில்ல. அடியில ஒரு பொட்டுக் கிளேஸு இருந்தாலும் வெந்து ஒருகி பலகையோட ஒட்டிக்கும், எடுக்குறப்ப ஒடைஞ்சிடும். பன்னெண்டு வருசமா ஈரப் பஞ்சால அடி தொடைக்காம ஒரு சாமானையும் நான் உள்ள அனுப்பினதில்ல. வூட்டுல டீ கிளாஸு அடியைக்கூட முந்தானையில தொடைச்சிட்டுத்தான் வைப்பேன், சுல்தானா சிரிக்கும். அன்னிக்கும் பக்கெட்டும் பஞ்சுமா ஒக்காந்து, வாய் கொளஞ்சிகிட்ட ஊர்க்கதை பேச, கை பாட்டுக்கு முந்நூத்தி அறுபது முதுகையும் சுத்தமாத் தொடைச்சிது. வெந்து எடுத்தப்ப மேஸ்திரி நடராசன் ஒரு ஓட்டைத் திருப்பிப் பாத்துட்டு, எண்ணு எங்கன்னு கேட்டாரு. ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தேன். ஒரு ஓட்டுலயும் எண்ணு இல்ல, எல்லாத்துலயும் லேசா ஒரு செவப்புத் தடவல், அவ்வளவுதான்.

நடராசன் நல்ல மனுசந்தான், எனக்காகத்தான் சொன்னாரு. ஏங்க்கா பயப்படுறீங்க, இது என்னா முருகர் படமா, கண்ணு எடத்துல காது வந்துட்டா தெரியிறதுக்கு, எப்படி ஒட்டினாலும் இது இப்படித்தான் இருக்கும், ராஜாவுக்கே தெரியாது, வாயை மூடிக்கிட்டு இருங்கன்னாரு. விஷயம் வெளிய போனா வேலை கம்பெனியை விட்டுப் போயிடும், ஒங்களையும் நிறுத்திடுவாங்கன்னும் சொன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் வூட்டுக்கு வந்தா அலாவுதீன் பாய் கடையில ஒன் காயிதம், வேலையை விட்டு நின்னுடுங்கன்னு. யோசிச்சுப் பாரு, சாக்கு தானா வந்து கையில விழுவுது. மவன் வேணாங்குறான்னு சொல்லிட்டு மறுநாளே நின்னிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியுமே. அந்தச் சுவரு இன்னும் நூறு வருசம் நிக்கும், அது தப்பா நிக்குதுன்னு தெரிஞ்சவ நான் ஒருத்தி. அதை வச்சிக்கிட்டு வூட்டுல ஒக்காந்து நான் எப்படி சோறு திங்கிறது. நான்தான் தொடைச்சேன், நான்தான் அடுக்குவேன், அந்தம்மா வந்தா நானே சொல்லுவேன்னு நடராசன்கிட்ட சொல்லிட்டேன். நான் சொன்னா யாரு கேக்குறாங்கன்னு தலையில அடிச்சிக்கிட்டு லாரியை ஏற்பாடு பண்ணிக் குடுத்தாரு.

அரண்மனை மண்டபத்துத் தரையில ஒம்போது நாள் தம்பி. காலையில பஸ்ஸுல பெண்ணாடம், அங்கேர்ந்து ராஜா வூட்டு ஜீப்பு, நானும் கொளஞ்சியும். மொதல்ல ரெண்டு குவியலாப் பிரிச்சேன். கொளஞ்சி நொட்டாங்கையால பூசினது ஒரு சாய்வா ஓடும், என்னுது இன்னொரு சாய்வு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா தூரிகை தடம் தெரியும். அப்புறம் ஓரத்து ஓரம் சேத்துக்கிட்டே வந்தோம், ஒரு கோடு எங்க அறுந்துதோ அங்க தேடு. அஞ்சு நாளு சரசரன்னு போச்சு. நடுவுல ஒரே நீலமா அறுபது ஓடு, அங்கதான் மாட்டிக்கிட்டோம். கோடும் இல்ல, தடமும் இல்ல. கொளஞ்சி அழுவ ஆரம்பிச்சிடிச்சு. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துது, நடுவுல மூணு பூச்சு, தள்ளிப் போவப் போவ ரெண்டு, ஓரத்துல ஒண்ணுன்னு அந்தம்மா பூசச் சொன்னாங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு ஓட்டையும் வெரலால தடவிப் பாத்து, தடிப்பு கொறையிற பக்கமா வச்சிக்கிட்டே போனேன். கண்ணுக்குத் தெரியாதது வெரலுக்குத் தெரிஞ்சிது.

அம்புஜவல்லி அம்மா வந்து எறங்கினதும், மண்டபத்துக்குள்ள காலை வைக்கிறதுக்கு முந்தியே சொல்லிட்டேன். எண்ணெல்லாம் நான்தான் தொடைச்சிட்டேன், ஞாபகத்துல அடுக்கியிருக்கேன், இன்னும் ஒட்டல, பாருங்கன்னு. மூஞ்சி வெளுத்துப் போச்சு அவங்களுக்கு. செருப்பைக் கழட்டிட்டு ஓரத்துலேர்ந்து ஓரம் குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே போனாங்க, அரை மணி நேரம் இருக்கும். நடராசன் தூணுக்குப் பின்னாடி நிக்கிறாரு. கடைசியில கீழ் மூலையில ரெண்டு ஓட்டைக் காட்டி, இது ரெண்டும் எடம் மாறியிருக்குதுன்னாங்க. இல்லம்மா, சரியாத்தான் இருக்குதுன்னேன். நான் வரைஞ்சது எனக்குத் தெரியாதான்னு கேட்டாங்க. நீங்க சாப்பிடப் போனப்ப அந்த எடத்துல கிளேஸ் கிண்ணம் சாஞ்சிது, நான்தான் வழிச்சு மேல ஒரு பூச்சு குடுத்தேன், அது என் கைன்னேன். கொளஞ்சி என் முந்தானையைப் புடிச்சு இழுக்குது. அந்தம்மா ஒக்காந்து ரெண்டையும் தானே மாத்தி வச்சாங்க. பாத்தாங்க. கோடு அறுந்து நின்னுது. திரும்ப எடுத்து, நான் வச்ச எடத்துலயே வச்சாங்க. அப்புறம் என் கையைப் புடிச்சிக்கிட்டு சொன்னாங்க, "ஜைத்தூன் அம்மா, இதைப் போட்டது நான். ஆனா இது இப்ப என்னைவிட ஒங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு அழுகை வந்துடிச்சு தம்பி, நாலு பேர் முன்னாடி. வேலையும் போவல, ஒண்ணும் போவல, அடுத்து காரைக்கால் பக்கம் ஒரு சுவருக்கு என்னைத்தான் கேட்டிருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை அரண்மனையைத் திறந்தாங்க, அங்கதான் ஒன் சேலையைக் கட்டிக்கிட்டுப் போனேன். கூட்டம்னா கூட்டம். ஒரு பொம்பளை அதென்னாங்க படம்னு எங்கிட்டயே கேட்டுது. வெள்ளாத்துல புதுத் தண்ணி வர்றப்ப பாலத்துலேர்ந்து குனிஞ்சு பாத்திருக்கியான்னு கேட்டேன், ஆமா ஆமான்னு தலையை ஆட்டிச்சு. அது அதுதானான்னு எனக்கும் தெரியாது, பாக்க அப்படித்தான் இருக்குது.

அதனால நான் வேலையை விடல. கையும் காலும் ஒழுங்கா இருக்குற வரைக்கும் விட மாட்டேன், இதுக்கு மேல இதைப் பத்தி எழுதாதே. சேத்தியாத்தோப்புக்காரங்க தாராளமா வரட்டும், நானே பஸ்ஸு ஏத்திக்கிட்டுப் போயி சுவரைக் காட்டுறேன், சுவரைப் பாத்துட்டு வந்து பொண்ணைப் பாக்கட்டும். அதைப் பாத்தும் முகம் சுளிக்கிறவங்க வூட்டுல என் பொண்ணு வாழ வேணாம். சுல்தானாவும் இதையேதான் சொல்லுது, என்னைவிட சத்தமா.

வெள்ளிக்கிழமை ஜும்மாவை விடாதே, ரொட்டியாவே தின்னு காலத்தை ஓட்டாம ஒரு வேளையாவது சோறு வடிச்சுத் தின்னு. அல்லாஹ் ஒனக்கு நீண்ட ஆயுசும் நல்ல சுகமும் சம்பாத்தியத்துல பரக்கத்தும் குடுக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே. பகல்ல நம்ம வூடு பூட்டித்தான் கெடக்குது, ஒன் காயிதம் கடையில கெடந்து ஊரே படிக்குது. இனிமே கவர் மேல வூட்டு விலாசம் போடாதே, கம்பெனி விலாசம் போடு. அதை அந்த லால்பேட்டைப் பையன் கையால எழுதச் சொல்லு.

துஆவுடன் ஒன் அம்மா,
ஜைத்தூன் பீவி,
கிளேஸ் பூசும் பிரிவு.