பதினாறு வயதுக் காருக்கு ஓர் உறை

மார்ச் 3, செவ்வாய்

மகள் கார் வாங்கிவிட்டாள். வாங்கப் போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொன்னாள், சும்மா சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன். மதியம் வாசலில் ஹாரன். தையல் மெஷினை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒன்று, முகப்பு விளக்கு இரண்டும் மஞ்சள் பூத்து, காமாலை கண்டதுபோல நிற்கிறது. அவளுக்கு இருபத்திரண்டு, காருக்குப் பதினாறு. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மூச்சு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓர் ஆய்வகத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சொந்த வண்டி வேண்டுமாம். 27ஆம் தேதி ஆய்வகத்துக்காரர்களே வண்டியைச் சோதிப்பார்கள், தேறினால்தான் வேலை. நெடுஞ்சாலையில் தினமும் ஐம்பது கிலோமீட்டர். லாரி பறக்கிற சாலை, எனக்குப் பயம்.

மார்ச் 4, புதன்

தம்பி போன் செய்தான். அவன் மருந்துக்கடைக்கு ஆள் வேண்டுமாம். பக்கத்துத் தெரு, நடந்தே போகலாம். கார் தேறாவிட்டால் இவளை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. பெற்றவள் செய்கிற காரியமா இது? செய்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து காரோடு மல்லுக்கட்டு. ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறாள்: உடனே, அப்புறம், ஆசை. ‘உடனே’யில் டயர், பிரேக், எஞ்சின் ஆயில். பாட்டுப் பெட்டி ‘ஆசை’க்குப் போய்விட்டது. இந்த வயதில் நானாக இருந்தால் பாட்டுப் பெட்டியைத்தான் முதலில் வாங்கியிருப்பேன்.

டயரில் வரியெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். என்னைத் தரையில் குந்த வைத்து, டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினாள். செய்த வாரமும் வருடமுமாம். “பார்க்க நல்லாத்தாம்மா இருக்கும். ஒன்பது வருஷத்து ரப்பர், இறுகிப் போயிருக்கு. மழையில பிடிக்காது” என்றாள். பழைய துணியைப் பார்த்து, நூல் இற்றுப்போச்சு என்று நான் சொல்வதைப் போலவே சொன்னாள். சரி, மாற்று என்றேன்.

மார்ச் 12, வியாழன்

காருக்குள் ஒரு ஈர நாற்றம். பழைய வண்டி, நாறத்தான் செய்யும் என்று நான் விட்டிருப்பேன். இவள் முன்கண்ணாடி மேல் ஒரு குவளை தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, உள்ளே தலைகீழாகப் படுத்துப் பார்த்தாள். வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறது. நான் நாடா கோக்க வைத்திருக்கும் வளைந்த கம்பியை வாங்கிக் குடைந்தாள். கை நிறைய மக்கிய இலை. தெருமுனை மெக்கானிக், தானாக இருந்தால் தரைவிரிப்பை மாற்றிவிட்டுக் காசு வாங்கியிருப்பேன் என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

விளக்குகளை உப்புத்தாளில் தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் தேய்த்தாள், பிறகு ஏதோ பூச்சு அடித்தாள். காமாலை போயே போச்சு. பழைய சாமான் கடையில் வாங்கிய பின்பக்கக் கேமராவையும் தானே பொருத்திவிட்டாள். ஒயர் எங்கே போகிறது என்று தேடினேன், கண்ணுக்கே தெரியவில்லை. நான் விளிம்பு மடித்துத் தைப்பதுபோல உள்ளே ஒளித்திருக்கிறாள். யாரிடம் கற்றாள்? என்னிடம் இல்லை. எனக்கும் கை துறுதுறுக்கிறது.

மார்ச் 18, புதன்

இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். சாவி என்னிடம். முன் இருக்கை இரண்டுக்கும் உறை தைத்துவிட்டேன். கெட்டியான துணி, பக்கவாட்டில் இரட்டைத் தையல், இருக்கையை ஒட்டிப் பிடித்தாற்போல. ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த சின்னப் பட்டைகளை வழக்கம்போல வெட்டி எறிந்தேன். நானே சொல்லக் கூடாது, ஆனால் அப்படி ஒரு வேலை. வந்து பார்க்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

வந்தாள். கட்டிக்கொண்டாள். பிறகு இருக்கையின் ஓரத்தைத் தடவினாள். கை நின்றது. இங்கே ஒரு பட்டை இருந்ததே என்றாள். துணியில் தொங்கும் லேபிள் என்று வெட்டிவிட்டேன் என்றேன்.

“அது ஏர்பேக்குன்னு எழுதியிருந்த பட்டைம்மா. பக்கத்துல எவனாவது மோதினா இந்த ஓரத்தைக் கிழிச்சுக்கிட்டுத்தான் காத்துப் பை வெளிய வரணும். உன் தையல் கிழியாதே.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. முப்பது வருஷமா பிரியாத தையல், பிரியாத தையல்னு பீத்திக்கிட்டேனே! பெத்த பொண்ணுக்குக் காப்பா வர்றதை நானே இழுத்து மூடித் தச்சிருக்கேன். அதுவும் ரெட்டைத் தையல். என்ன புத்தி இது — எழுதவே கை வரல.

மார்ச் 22, ஞாயிறு

பிரித்துவிட்டேன். இரண்டு உறையும் புதிதாக வெட்டினேன். பை வெளிவரும் பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கும், கீழே மட்டும் எலாஸ்டிக் நாடா இழுத்துப் பிடிக்கும். இருக்கையின் சொந்தத் தையல் மேல் ஒரு நூல்கூடப் படவில்லை. பட்டைகளைக் குப்பைக்கூடையில் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினேன். அவள் டார்ச் பிடித்தாள். மெக்கானிக்கும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மார்ச் 26, வியாழன்

நாளை சோதனை. மனசு கேட்கவில்லை, தம்பிக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லிவிட்டேன். காருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அப்ப அந்த உறையை அப்படியே விட்டிருக்கலாமேம்மா. அதைக் காட்டியே தேறலன்னு அனுப்பியிருப்பாங்க.”

“தேறிட்டா? உன் உசுருடி அது” என்றேன்.

 முதல் டயரை மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்; அடுத்ததற்கு வரும்போது காற்றுமானியை என் கையில் கொடுத்தாள். எண்ணை நான் படித்தேன், அவள் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 27, வெள்ளி

அரை மணி நேரம் குடைந்தார்கள். பிரேக், விளக்கு, டயர், அடிப்பக்கம். சோதனை செய்தவர் இருக்கையின் ஓரத்தில் கைவிட்டுப் பார்த்தார். புதுக் காருக்குக்கூட இவ்வளவு பார்த்து உறை தைக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டது. தேறக் கூடாது என்று நினைத்தவள்தான் வாசலில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 2, வியாழன்

தைக்க ஐந்து சட்டை வந்திருக்கிறது. கார் உறை கேட்டும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

மதியத்திலிருந்து அடைமழை. ஐந்து மணிக்கு வர வேண்டியவள், ஆறு அடித்தும் வரவில்லை. தம்பிதான் பதறிப்போய் போன் செய்தான், புள்ள எங்கே என்று. நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருப்பாள் என்றேன்.

“இந்த மழையில அந்த வண்டியிலயா? உனக்கு பயமா இல்லையாக்கா?”

“அவ பார்த்துப் பார்த்துச் செஞ்ச வண்டிடா. மெதுவா வருவா. நீ போய் கடையைப் பாரு.”

போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற காலரைத் தைத்து முடித்தேன்.