சேவியர், உன் சுவரெழுத்தை நான்தான் அழித்தேன்

என் சண்டைக்கார மச்சான் சேவியருக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. உன் ஸ்டெல்லாவும் பிள்ளைங்களும் நல்லா இருக்காங்க. மந்தாரக்குப்பம் வூட்டையும் காலி பண்ணலை. அதை முதல்ல சொல்லிட்டேன், ஏன்னா அடுத்து சொல்லப்போறது உனக்குப் பிடிக்காது.

உன் தம்பி ஆரோக்கியம் ஓட்டின டம்பர் லாரி போன மாசம் நிலக்கரி மைன்ஸ் சரிவுல பின்னால சறுக்கிச்சு. பதறாதே, அவன் மேல ஒரு கீறல்கூட இல்லை. ஆனா சறுக்கினதுக்குக் காரணம் நீ. பாதி நான்.

நம்ம கான்ட்ராக்ட் கம்பெனிக்குப் புது டம்பருங்க வந்து இறங்கின நாள் ஞாபகம் இருக்கா? பழைய வண்டியில கியர் மாத்தறது முழுக்க ஆயில் வேலை. வேகம் கூடக் கூட ஆயில் அழுத்தம் ஏறும். ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் தள்ளும், வழி திறக்கும், ஆயில் பாய்ஞ்சு கிளட்ச் தட்டுங்களை அழுத்திப் பிடிக்கும், அடுத்த கியர் விழும். டிரைவர் கை வைக்கவே வேணாம். அந்த வால்வுங்களை மெக்கானிக் நீ கண்ணை மூடிக்கினு பிரிச்சுக் கோப்பே. புது வண்டியிலயும் தட்டை அழுத்தறது ஆயில்தான். ஆனா எந்த வழியை எப்போ திறக்கணும்னு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கரண்ட் அனுப்பிச் சொல்லுது. எந்தக் கியர்ல போவுதுன்னு டிரைவர் முன்னாடி டிஸ்ப்ளேல லைட் காட்டும், அது அணைஞ்சா பெட்டிக்குக் கரண்ட் இல்லைன்னு அர்த்தம். கரண்ட்னு வந்ததும் அது எலக்ட்ரீஷியன் என் கைக்கு வந்துடுச்சு. உனக்குப் பொறுக்கலை.

"கரண்டு பூடுச்சுன்னா என்னடா ஆவும்?"னு கேட்டே. "லோடோட ஏறிக்கினு இருக்கான். திடீர்னு பெட்டி செத்துடுது. இஷ்டத்துக்கு எந்தக் கியருக்கோ பாயும். கியர்பாக்ஸும் காலி, ஆளும் காலி!"

கேட்டதோட விட்டியா? பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கினு போய் ஷெட் சுவர்ல, ஒரு முழ உயர எழுத்துல, "டிஸ்ப்ளே லைட் போனால் உடனே இன்ஜினை நிறுத்து - சேவியர்"னு எழுதிட்டே. நீ எழுதினா நம்ம டிரைவருங்களுக்கு அது சட்டம். இன்ஜினியர் ஆபீஸ் வாசல்ல ஒட்டின நோட்டீஸை ஒருத்தனும் நின்னு படிச்சதில்லை, அவரும் ஷெட் பக்கம் வந்ததில்லை.

மச்சான், நீ எழுதினது தப்பு. ரெண்டு மாசம் கழிச்சு நான் மேனுவலை உட்கார்ந்து படிச்சேன். அந்த வண்டியைச் செஞ்சவன் உன் கேள்வியை உனக்கு முன்னாடியே கேட்டிருக்கான். உள்ளே ரெண்டு வால்வு வெச்சிருக்கான், அதுங்களைப் பிடிச்சு வெச்சிருக்கிறது கரண்ட் இல்லை, ஆயில் அழுத்தம். கரண்ட் போனாலும், இன்ஜின் ஓடற வரைக்கும் பம்ப் ஓடும். பம்ப் ஓடற வரைக்கும் அந்த வால்வுங்க அசையாது. வண்டி ஒரே முன் கியர்ல பூட்டிக்கும், அதுக்கு மேலயும் மாறாது கீழயும் மாறாது. லோடோட திணறும், ஆனா மேல ஏத்தி விட்டுடும்.

இன்ஜினை நிறுத்தினாத்தான் வினை. அழுத்தம் செத்துடும், ஸ்பிரிங் வால்வைத் திருப்பித் தள்ளிடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணினா வண்டி நியூட்ரல்ல நிக்கும். நீ பட்டனை எத்தனை தரம் அமுக்கினாலும் கியர் விழாது.

இதைச் சொல்லி உன் மூக்கை உடைக்கணும்னு சந்தோஷமா கிளம்பி வந்தேன். அன்னிக்குத்தான் உனக்கு, இனி தேறாதுன்னு ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருந்தது. படுத்துக் கிடக்கிறவன்கிட்ட ஜெயிச்சு என்ன பண்ணப்போறேன்னு, சாத்துக்குடியை வெச்சுட்டுத் திரும்பிட்டேன். பெருந்தன்மைன்னு நெனைச்சேன். மண்ணாங்கட்டி! நீ போனப்புறமாவது டிரைவருங்ககிட்ட சொல்லியிருக்கலாம். அப்போ உன் எழுத்து மேல கை வைக்க மனசு வரலை.

சறுக்கின அன்னிக்கு மதியம் மழை பெய்ஞ்சு விட்டிருந்தது. சரிவு முழுக்கச் சேறு. ஆரோக்கியம் பாதி தூரம் ஏறினப்போ லைட் போச்சு. எங்கேயோ உரசி உரசி வயர் அறுந்திருக்கு. வண்டி பாட்டுக்கு இழுத்துக்கினுதான் இருந்துச்சாம். ஆனா அவன் யார் தம்பி? சாவியைத் திருப்பி நிறுத்திட்டான். மறுபடி ஸ்டார்ட் பண்ணினா கியர் இல்லை. பிரேக்கைப் போட்டு மிதிச்சும் சக்கரம் சேத்துல வழுக்கிக்கினே போச்சு. புத்திசாலி, பின்பக்கத்தை ஓரத்து மண்மேட்டுல கொண்டுபோய் முட்டி நிறுத்திட்டான். பின்னாடி ஏறி வந்த வண்டிக்கும் அவனுக்கும் நடுவுல பத்தடிகூட இல்லை.

மறுநாள் விசாரணை. "ஓடற இன்ஜினை ஏன்யா நிறுத்தினே?"ன்னு இன்ஜினியர் கேட்டுக்கினே இருக்காரு, ஆரோக்கியம் வாயே திறக்கலை. டிரைவர் தப்புன்னு எழுதிட்டா வேலை போயிடும்னு அவனுக்குத் தெரியும். அண்ணன் சொல்லித்தான் நிறுத்தினேன்னு சொன்னா உன் பேர் கெட்டுடுமாம். வேலையே போனாலும் போகட்டும்னு தரையைப் பார்த்துக்கினு நிக்கறான், பாவி! 

நான் எழுந்துட்டேன். "சார், அவன் சேவியர் எழுதினதைச் செஞ்சான். சேவியருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் மூடிக்கினு இருந்தேன். எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க"ன்னேன்.  

எனக்கு ஒரு வாரம் வேலை கிடையாதுன்னு உட்கார வெச்சாங்க, நியாயம்தான். ஆரோக்கியம் மறுநாளே வண்டி ஏறிட்டான். நான் திரும்பி வந்ததும் அத்தனை டிரைவரையும் சமதரையில கூட்டினேன். ஆரோக்கியம் ஓட்ட, பக்கத்துல உட்கார்ந்து பெட்டியோட ஃப்யூஸைப் பிடுங்கினேன். லைட் போச்சு, வண்டி அசராம போய்க்கினே இருந்துச்சு. அப்புறம் இன்ஜினை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். ஒரு அங்குலம்கூட நகரலை. ஆரோக்கியம் ஸ்டீயரிங் மேல தலையைச் சாய்ச்சுக்கினு, "அண்ணன் இதைப் பார்த்திருக்கணும்ணே"ன்னு அழுதான். நானும் அழுதேன், மறைக்கலை.

அன்னிக்கு சாயந்திரமே சுண்ணாம்பு கரைச்சேன். ஸ்டெல்லாகிட்ட சொல்லாம செய்யக்கூடாதுன்னு கூட்டிக்கினு வந்தேன். கிட்டப் போய் உன் பேரைத் தடவிப் பார்த்துது.

"அழிங்கண்ணா"ன்னுச்சு. "அவரு இருந்தா அவரே அழிச்சிருப்பாரு. என்ன, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உங்களோட கத்தியிருப்பாரு."

அழிச்சேன் மச்சான். உன் பேர் மேல பிரஷ் போனப்போ கை நின்னுடுச்சு. ஸ்டெல்லாதான் பிரஷை வாங்கி ஒரே இழுப்புல முடிச்சுது. காய்ஞ்சதும், "லைட் போனால் இன்ஜினை நிறுத்தாதே. மேலே ஏறி, சமதரையில் நிறுத்து"ன்னு எழுதினேன். கீழே உன் பேரையே போடலாம்ணேன்னு ஆரோக்கியம் கெஞ்சினான். யார் பேரும் வேணாம்னுட்டேன். பேரைப் பார்த்துட்டு ஏன்னு கேட்காம செஞ்சதுதான் அவனைச் சரிவுல தள்ளிச்சு.

என் மேல கோவமா? இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வேற ஒண்ணுதான் அறுக்குது. அன்னிக்கு உன் கட்டில்கிட்ட உட்கார்ந்து சொல்லியிருந்தா, அந்த வால்வைப் படம் போடச் சொல்லி என் உசிரை எடுத்திருப்பே. வலி ஒரு நாழியாவது மறந்திருக்கும், இல்லே? அதையும் சேர்த்துத்தானே உன்கிட்டேருந்து பிடுங்கிட்டேன்?

இனிமே ஒருத்தருக்கும் அப்படிச் செய்யமாட்டேன். எதிர்ல இருக்கிறவன் சாகக் கிடந்தாலும் சரி, தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டு, பக்கத்துலயே உட்கார்ந்து திட்டு வாங்கிக்கினுதான் எழுந்து வருவேன்.

உன் ஸ்டெல்லாவுக்கு அண்ணன், உன் தம்பிக்கு இன்னொரு அண்ணன்,
உன் மச்சான்
கலியமூர்த்தி