நம் வீட்டுச் சுருதி 449

மார்ச் 15, ஞாயிறு, காலை 6.40. நீ என் போனை எடுக்காமல் இன்றோடு பதினோரு நாள்.

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். நீயும் நலம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அம்மா அனுப்பும் செய்திகளுக்கு மட்டும் அரை நிமிடத்தில் நீல டிக் விழுகிறது, உடம்பு முடியாதவள் அவ்வளவு சுறுசுறுப்பாகப் படிக்க மாட்டாள். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், மெயிலை வேலைக்காகவாவது திறப்பாய் என்று இதில் எழுதுகிறேன். நாற்பத்து நாலு வயதில் என்னைக் கிழவன் மாதிரி கடிதம் எழுத வைத்துவிட்டாய், என்னோடு டிப்ளமோ படித்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள். சுற்றி வளைக்க எனக்கு வராது, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காது சரியாக இருக்கிறது. உன் புது கீபோர்டும் சரியாக இருக்கிறது. உன் தம்பி தங்கையின் காதும் சரிதான். பழுது இருந்தது நம் வீட்டுப் பின்னறை ஸ்விட்ச் போர்டில்.

நீ பாதியில் போனை வைத்துவிட்டதால் மீதி உனக்குத் தெரியாது, அதனால் வரிசையாக எழுதுகிறேன். சொந்த முயற்சியில் பாட்டுப் போடுகிற குழுக்களை மட்டும் கூப்பிடும் அந்த வெளிநாட்டு விழாக்காரர்கள், உங்கள் பாட்டைக் கடைசிப் பன்னிரண்டில் வைத்திருக்கிறோம், மெட்டு மனதைவிட்டுப் போகவில்லை, ஆனால் ஒரு கருவி மட்டும் மற்றவற்றோடு சுருதி சேராமல் நிற்கிறது, சரிசெய்து இருபதாம் தேதிக்குள் திரும்ப அனுப்புங்கள் என்று எழுதினார்கள் அல்லவா, எந்தக் கருவி என்று அவர்கள் எழுதவில்லை. இங்கே கிட்டாரும் டிரம்ஸும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில், நீ எட்டு மாதமாக வேலைக்குப் போன ஊரில் தனியாக வாசித்து அனுப்புகிறவள், ஆகவே பழி உன் தலையில் விழுந்தது. உன் தம்பி சடையன் போனில் உன்னிடம், "அங்க போனதும் உனக்குக் காது போயிடுச்சுக்கா" என்று சொன்னபோது நான் ஹாலில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். மலிவு கீபோர்டாகப் பார்த்து வாங்கியிருப்பாள் என்று நானும் ஒரு வார்த்தை சேர்த்தேன், அதுவும் உனக்குக் கேட்டிருக்கும். அதை வாபஸ் வாங்குகிறேன். நீ வைத்த பிறகு உன் வாசிப்பை எடுத்துவிட்டு இரண்டு பேரும் பாட்டை மறுபடி கோத்தார்கள், சாப்பிடும்போது போட்டுக் காட்டினார்கள். மறுபக்கம் சமன் செய்யத் தொங்குகிற எடை, அந்தக் கவுன்டர் வெயிட், இல்லாத லிஃப்ட் மாதிரி இருந்தது, இறங்கும்போது பிடித்து வைக்க ஆளில்லை. அம்மா பாட்டு முடிவதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இதைத்தான் அனுப்பப் போகிறோம் என்றான் சடையன், ஊர்ப்பட்ட சத்தம் போடுகிற உன் தங்கை இடி டிரம்ஸ் குச்சியால் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் எங்கள் வேலையில் யாரையும் திட்டி அதை நகர்த்த முடியாது, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துச் சோதித்துத்தான் ஆகவேண்டும். அதே மாதிரி இதிலும் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த உன் பழைய கீபோர்டை வெளியே இழுத்தேன், அதன்மேல் அம்மா இஸ்திரிக்கு வைத்திருந்த துணியெல்லாம் கீழே விழுந்து அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ அனுப்பியதில் ஒரே ஒரு சுரத்தை ஓடவிட்டு இதிலும் அதையே அழுத்தினேன், சேரவில்லை. சடையனைக் கிட்டாரில் வாசிக்கச் சொன்னேன், அது பழைய கீபோர்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கு ஒன்று, பெரியவளின் புதுசுதான் தப்பு என்று தீர்ப்பே எழுதியிருப்பேன், கை போகிற போக்கில் பழையதன் செட்டிங்கைத் திறந்தேன், திரையில் 449 என்று இருந்தது. உலகம் முழுக்கச் சுருதியை 440 என்று வைத்துக்கொண்டு வாசிக்கிறார்களாம், நம் வீட்டில் மட்டும் 449. யார் மாற்றியது என்று கேட்டேன், இரண்டு பேரும் உன்னைக் காட்டினார்கள், நீ இங்கே இருந்தால் அவர்களைக் காட்டுவாய், எனக்கு அது தேவையில்லை, ஏன் என்பதுதான் வேண்டும்.

ஏன் என்பது கொஞ்சம் சிரிப்பு. சடையன் சொல்வதைக் கேள், அந்தக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வாங்கிய நாளிலிருந்து உர்ர்ர் என்று ஒரே உறுமல், அது ஓயவே ஓயாது, கிட்டாரைச் சரியான சுருதியில் வைத்தால் அந்த உறுமலோடு உரசுகிறது, அதனால் உறுமலுக்குப் பொருத்தமாகக் கம்பியை ஒரு முடி ஏற்றி வைத்துவிட்டேன், கீபோர்டையும் அதற்கே ஏற்றியாயிற்று, மூன்று பேருக்கும் காது பழகிவிட்டது என்கிறான், என்னவோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. கரண்டின் உறுமலுக்குச் சுருதி பிடித்து மூன்று வருடம் கச்சேரி செய்திருக்கிறீர்கள். நீ அங்கே போய் உறுமல் இல்லாத அறையில் கடையிலிருந்து வந்த கீபோர்டை வந்தபடியே வாசித்தாய், அவ்வளவுதான் நடந்தது. ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் எர்த் ஒயர் கழன்று சும்மா தொங்குகிறது. மூன்று பிள்ளைகள் அதில் கை வைத்து வாசித்திருக்கிறார்கள். கிட்டாரைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்குமே, சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "நல்லா வாசிக்கிறப்ப அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்பா" என்கிறான். உன் தம்பிக்கு ஷாக் அடித்ததும் கலை வந்ததும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. நீயும் உன் அறை பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பார், பிறகு கோபத்தைத் தொடரலாம்.

பத்து நிமிட வேலை, ஒயரை முடுக்கினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. இடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யாரோ எழுந்து வெளிய போயிட்ட மாதிரி இருக்குப்பா" என்றாள். கீழ் வீட்டுத் தையல்காரர்கூட மேலே வந்து பிள்ளைகள் வீடு காலி செய்துவிட்டார்களா என்று விசாரித்தார், இத்தனை நாள் சத்தம் சத்தம் என்று விளக்குமாற்றால் கூரையைத் தட்டியவர். வெள்ளி மாலையும் நேற்று முழுக்கவும் உட்கார்ந்து, கம்பியை 440க்கு இறக்கி, பாட்டை அடியிலிருந்து வாசித்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கதவு தானாகச் சாத்திக்கொள்வது உனக்குத் தெரியுமே. எல்லாம் முடிந்து, நீ முதலில் அனுப்பிய வாசிப்பை, ஒரு சுரம்கூடத் தொடாமல், அப்படியே எடுத்து அதன்மேல் வைத்தார்கள். உட்கார்ந்துகொண்டது. உங்கள் மெலடிக் ராக்கைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும், நடுவில் ஒரு நல்ல மெட்டு, அதைச் சுற்றி நாலு பேர் பீரோவை மாடியேற்றுகிற சத்தம். நேற்று எனக்கு அந்த மெட்டு மட்டும்தான் கேட்டது, அது நீ போட்டது. சடையன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அந்த முடியை வெட்டச் சொல்லி இரண்டு வருடமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன், நேற்று அது பயன்பட்டது, முகம் தெரியவில்லை.

சரி, வேலை முடிந்தது, அனுப்பு என்றேன், இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது எதற்குக் காத்திருப்பது. மாட்டேன் என்கிறான். காது போயிடுச்சு என்று சொன்ன வாயால் அவளைக் கேட்காமல் அவள் பெயரை எப்படிப் போடுவது என்றான். போன் செய்து மன்னிப்புக் கேளேன் என்றால் அதற்கும் தைரியம் இல்லை. இடிதான் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள், "அக்கா அனுப்பினா போகட்டும், இல்லன்னா போகவேணாம், அக்கா இல்லாம நாங்க போட்டது பாட்டே இல்லப்பா." பாட்டை உங்கள் மூன்று பேருக்கும் பொதுவான அந்த ஃபோல்டரில் வைத்துவிட்டார்கள், கீபோர்டு இல்லாமல் கோத்ததை என் கண் முன்னால் அழித்தார்கள். விழாக்காரர்கள் முதலில் உன் மெயிலுக்குத்தான் எழுதினார்கள், திரும்ப அனுப்புவதும் அதிலிருந்தே போகட்டும் என்கிறார்கள். நான் கத்திப் பார்த்தேன், பன்னிரண்டில் ஒன்று, இனி எப்போது வரும், ஒரு பட்டன்தானே என்று. அம்மா உள்ளே இருந்து, "பிள்ளைங்க புத்தியா பேசுதுங்க, நீங்க போய் உங்க எர்த்தைப் பாருங்க" என்றாள். அதோடு நான் விட்டுவிட்டேன். யாருடைய பக்கமும் பேச எனக்கு வராது. பாட்டு சரியாக இருக்கிறது, நீ கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். அனுப்பாவிட்டாலும் வீட்டில் யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், என்னையும் சேர்த்து.

மற்றபடி அம்மாவின் கிளினிக்கில் கவுன்டரை வாசல் பக்கம் மாற்றிவிட்டார்கள், ஏசிக்குத் தப்பித்தாள், இப்போது வெயில் என்கிறாள். விழாக்காரர்கள் உங்கள் குழுவின் பெயருக்கு அர்த்தம் கேட்டிருக்கிறார்களாம், லிஃப்ட் பழுது பார்க்கும்போது எங்கப்பா கதவில் மாட்டுகிற 'வேலை நடக்கிறது' பலகை என்று உண்மையையே எழுது, கூச்சப்படாதே. இரவு ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, காலுறை போட்டுக்கொள். மூன்று பேரும் எங்கே இருந்தாலும் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், அப்பா அம்மாவுக்கு அதற்குமேல் வேறு ஆசை இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று கடை திறந்ததும் புது ஒயர் வாங்கி வீடு முழுக்க எர்த்தைச் சோதிப்பேன், வீட்டுக்காரரிடம் சண்டை போடுவேன்.

2. உன் பழைய கீபோர்டை 440க்கு மாற்றி, கட்டிலுக்கு அடியில் போடாமல் மேசைமேல் வைப்பேன்.

3. இருபதாம் தேதி வரை உனக்குப் போன் செய்ய மாட்டேன். அனுப்பினாயா என்று அந்த ஃபோல்டரையும் திறந்து பார்க்க மாட்டேன். என் குணத்துக்கு இது மற்ற இரண்டையும்விடப் பெரிய வேலை.

4. இருபத்தொன்றாம் தேதி காலை, உன் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் போன் செய்வேன். பாட்டு போயிருந்தாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அதைப்பற்றிக் கேட்க மாட்டேன், சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்பேன். அன்று எடு.

இப்படிக்கு,
அப்பா