நீயாகத் தேடிப் போன பெரட்டு

புந்தோங், ஈப்போ
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷார்மேனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நான், உன் அம்மா, ரோய்ஸ்டன் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அழுதே சொல்லிவிட்டாயே, அதனால் அதை மறுபடி விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு வாரத்துக்குப் பத்து நிமிடம் பேச விடுகிற முகாம், அந்தப் பத்தில் ஏழு நிமிடம் நீ அழுதாய், இரண்டு நிமிடம் உன் அம்மா அழுதாள், மிச்சம் ஒரு நிமிடத்தில், அப்பா என்னால முடியல, ஆறு வாரத்துக்குள்ள அப்பா கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தா விட்டுடுவாங்களாம், வந்து கூட்டிட்டுப் போங்க என்றாய். நேரத்தைப் பங்கிட மட்டும் இராணுவத்தில் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நீ போன நாளிலிருந்து உன் அம்மா வீட்டில் தனியாக ஒரு முகாம் நடத்துகிறாள். விடியற்காலை ஐந்து மணிக்கு, இப்ப என் பிள்ளை எழுந்திருக்கும் என்று சொல்லி என்னையும் எழுப்பிச் செபமாலை சொல்ல வைக்கிறாள். நீ அங்கே ஓடுகிற நேரத்தில் நாங்கள் இங்கே உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறோம். இதனால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம் ஐவி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன், பேசாம சொல்லுங்க, உங்க வாயாலதான் பிள்ளை அழுவுது என்றாள். ரோய்ஸ்டனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், தங்கையின் பிரிவைத் தாங்க முடியாமல் மூன்றாம் நாளே உன் அறைக்குத் தன் மெத்தையோடு குடிபெயர்ந்துவிட்டான். ரொம்ப வெறிச்சுனு இருக்குப்பா என்று சொல்லிக்கொண்டே உன் ஏர்கோனைப் பதினெட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறான்.

என் வருத்தம் என்ன என்று உனக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், பதினோராவது தடவையும் கேள். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பொழுது விடியும் முன்னே எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள், அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். மழையா காய்ச்சலா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெயர் கூப்பிடுகிற கணக்குப்பிள்ளை, அந்தக் கிராணிக்கு மட்டும்தான் வாய், நமக்குக் காது மட்டும்தான். அந்த வரிசையில் என் பிள்ளைகள் நிற்கக்கூடாது என்று ஈப்போவுக்கு வந்தேன், உன்னை டிப்ளோமா வரை படிக்க வைத்தேன், கிளினிக்கில் உட்கார்ந்தபடி பெயர் பதிகிற வேலையும் கிடைத்தது. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, நான் ஆர்மியில சேரப்போறேன்பா என்கிறாய். அப்பன் தப்பித்து ஓடிவந்த பெரட்டை விலாசம் விசாரித்துப் போய் நின்ற மகளை இந்தப் பேராக் மாநிலத்தில் நான் ஒருவன்தான் பெற்றிருக்கிறேன். நீ பஸ் ஏறிய அன்று நான் வழியனுப்ப வராமல் வீட்டுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்ததை உன் அம்மா கோயிலில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. உண்மைதான். ஒரே நாளில் இரண்டு தடவை மாற்றினேன் என்பது அவளுக்குத் தெரியாது.

பதினான்கு நாளில் திரும்பிடுவா, எழுதி வச்சுக்குங்க என்று ஜாகிர் கடையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பத்துமலை அண்ணன் அன்றிலிருந்து எனக்கு ஜெனரல் அப்பா என்று பட்டம் கொடுத்து, நான் உள்ளே நுழைந்ததும் தே தாரிக் கிளாஸைக் கீழே வைக்காமலே எழுந்து சல்யூட் அடிக்கிறார். ஆக, ஞாயிறு பதின்மூன்றாம் நாள், நீ அழுதாய், நான் ஜெயித்தேன். திங்கள் காலை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு அதைச் சொல்லத்தான் போனேன். என்ன ஜெனரல் அப்பா, பிள்ளை ஃபோன் பண்ணுச்சா லா என்றார் பத்துமலை அண்ணன். பண்ணுச்சு, அங்க சாப்பாடு ரொம்ப நல்லா இருக்காம், ரெண்டு கிலோ கூடிடுச்சாம் என்று என் வாய் சொல்கிறது. ஜாகிர் கல்லாவிலிருந்தே, அப்ப இன்னையோட லூயிஸ் அண்ணன் தோத்தாச்சு லா, பசியாறுங்க என்றான். அறுபத்திரண்டு வயதில் ரொட்டி சானாய்க்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொன்னேன், அதையும் நானே தோற்கிற மாதிரிப் பார்த்துச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடு வந்து சேரும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டதை எழுதுகிறேன், இதை உன் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. எனக்குப் பத்தொன்பது வயதில் தைப்பிங்கில் டீசல் இன்ஜின் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, தங்கிப் படிக்க வேண்டும், இரண்டு வருடம். அங்கே எனக்கு மலாய் சரியாக ஓடவில்லை, எதைத் தொட்டாலும் கத்தினார்கள், வீட்டுக்கு அழுது ஒரு கடிதம் போட்டேன். பதினெட்டாம் நாள் உன் தாத்தா வந்து, வாடா ராசா, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம் என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். அப்புறம் புத்தகத்தைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டு, தோட்டத்தில் நின்றுபோன இன்ஜினையெல்லாம் பத்தொன்பது வருடம் ஓட வைத்தேன், ஆனாலும் சான்றிதழ் வைத்திருந்தவனுக்குக் கீழேதான் நின்றேன். கம்பெனி மேல், கிராணி மேல், அரசாங்கம் மேல் என்று அப்பாவுக்கு எல்லார் மேலும் கோபம் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். கோபமெல்லாம் அந்தப் பெட்டியைத் தூக்கிய கை மேல்தான். அந்தக் கை அன்பாகத்தான் தூக்கியது, அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. பத்தொன்பதாம் நாளை நான் தாங்கியிருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே நானாக வந்து உன் பையைத் தூக்கமாட்டேன். இதனால் நீ சேர்ந்தது சரி என்று அப்பா ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே, அது தப்புதான், நான் சாகும்வரை தப்புதான். ஆனால் நீ கேட்ட கடிதத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நான் மலாயில் எழுதி, ரோய்ஸ்டன் திருத்தி, கையெழுத்தும் போட்டாயிற்று. தேதி மட்டும் போடவில்லை, அதை நீதான் போடவேண்டும், இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. நாளைக்கே போட்டாலும் சரி, முகாம் வாசலில் வந்து நிற்பேன், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். கேட்பேன், ஆனால் நீ பசியாறின பிறகு கேட்பேன். போடவில்லை என்றால் அங்கேயே கிழித்துப் போட்டுவிடு, வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதே, உன் அம்மா கண்ணில் பட்டால் அவளே தேதி போட்டுவிடுவாள்.

கத்துகிறவர்கள் கத்தட்டும், முதலில் கெடுவது அவர்கள் தொண்டைதான். காலில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதே, ஈரக் காலுறையோடு நிற்காதே, இதை மட்டும் மறந்துவிடாதே. ஆண்டவரும் மாதாவும் உன் பக்கத்தில் நிற்கட்டும், வரிசையில் இடம் விடமாட்டார்கள் என்றால் பின்னால் நிற்கட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்து மட்டும் போட்ட உன் அப்பா,
அ. லூயிஸ்