நாலு மணி போண்டா

கார்த்திகை 9, செவ்வாய், இரவு.

இவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அப்பாடா!

போன வாரம் நைட் ஷிப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து நேராகப் போய் வெறும் வயிற்றுச் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தார். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எனக்கு அந்தத் தேங்காயெண்ணெய் மேல்தான் கோபம். குடித்தால் சர்க்கரை குறையும் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னாராம், ஒரு மாதமாகத் தினமும் இரண்டு கரண்டி குடிக்கிறார். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

“கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல சார். விடியக்கால நாலு மணிக்கு கேன்டீன்ல ரெண்டு போண்டா, ஒரு டீ. அது நேத்து ராத்திரி கணக்குங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். வார லீவில், வீட்டில் தூங்கி எழுந்து வரச் சொன்னார். அதுதான் இன்று. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரிடம் எண்ணெய்க் கதையையும் சொன்னேன்.

“எண்ணெய் மருந்து இல்லைங்க, குடிக்காதீங்க. சமையலுக்கு அளவா ஊத்திக்கலாம். மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.”

“ஒரு நாள்கூட விட்டதில்ல சார்” என்றார் ரோஷமாக.

எனக்கும் தெரியும். ஒரு வாரமாக இவர் குளிக்கப் போகும்போதெல்லாம் டூட்டிப் பையைத் திறந்து அட்டையில் மாத்திரையை எண்ணிவந்தேன்; கணக்குச் சரியாகவே இருந்தது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் மிச்ச எண்ணெயைத் தலையில் தேய்த்துவிடச் சொன்னார். வழக்கத்தைவிட வெகுநேரம் தேய்த்துவிட்டேன். “இன்னிக்கு என்னடி இவ்ளோ பாசம்?” என்றார்.

இன்னும் ஒரு கரண்டி எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்தேன்.