பெயர்கள் ஓடும் நேரம்

1929 மார்ச் 16, சனி

இன்றும் தோற்றேன். திகில் தொடரின் ஒவ்வொரு பாகமும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: இருட்டு, வெள்ளை எழுத்தில் பெயர்கள், அவற்றுக்குப் பின்னால் சுவரில் மெல்ல இறங்கும் கையுறை நிழல். அந்த நேரம் பார்த்துத்தான் முன்வரிசையில் ஒருத்தர், "காச்சாங் இன்னொரு பொட்டலம்!" என்று கடலைக்காரரைப் பார்த்துக் கத்துகிறார். திரைக்குக் கீழே உட்கார்ந்து படத்துக்கு வாசிக்கும் பியானோவை நான் ஓங்கி அடித்தால் அவர்கள் அதைவிட ஓங்கிப் பேசுகிறார்கள்.

கொட்டகை முதலாளி முகம்மது கனி அண்ணன் சொன்னது: "பேரு ஓடி முடியறதுக்குள்ள சனம் பயந்துடணும்லா தங்கச்சி. இல்லாட்டி அப்புறம் எத்தனை பொணம் விழுந்தாலும் சிரிப்பாங்க. உன்னால முடியலன்னா மணிலா பேண்டைக் கூப்பிடறேன்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி? யாருக்குத் தெரியும்?

மார்ச் 17, ஞாயிறு

அப்பா மாதா கோயில் உபதேசியார். நான் கொட்டகையில் வாசிப்பதை வேண்டாவெறுப்பாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். இன்று கறாராகச் சொன்னார்: "சவுந்தரம், உன்னால கோயிலுக்கு ஒரு பேச்சு வந்தா அன்னிக்கே நிறுத்திடணும்."

கோயில் அலமாரியைத் துடைக்கும்போது, கட்டையில் கட்டை மோதிச் சத்தமிடும் மரமணி கண்ணில் பட்டது. பெரிய வியாழன் பூசையில் வெண்கல மணிகள் உயிர்ப்பு ஞாயிறுவரை ஓய்ந்ததும் அப்பா இதைத்தான் கடகடவென்று ஆட்டுவார். சின்ன வயதில் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிவேன். இப்போதும் கை காதுக்குத்தான் போகிறது.

கொட்டகையிலும் இப்படிப் பயமுறுத்துமா?

மார்ச் 20, புதன்

மரமணியை எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பெரிய வியாழனுக்குள் திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

பியானோவைத் தொடவே இல்லை. முதல் பெயர் வந்ததும் மெதுவாக — தட், தட். பிறகு ஒன்றுமே இல்லை. எல்லாரும் என்னவென்று காது கொடுக்கிற அளவு காத்திருந்து — தட்.

கோயிலில் இப்படி யாரும் அடிப்பதில்லை. இது நானே கண்டுபிடித்தது. நம் கோயில் ஆட்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அது என்ன சத்தம் என்றே தெரியாது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்கள். கையுறை நிழல் இறங்கியபோது ஒரு பெண் வீறிட்டாள். எனக்கு எத்தனை சந்தோஷம்!

கனி அண்ணன் மணிலா பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

மரமணியை நாளைக்குத் திருப்பி வைத்துவிடுகிறேன். நாளைக்குக் கண்டிப்பாக.

மார்ச் 27, புதன்

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! மரமணி பியானோ மேலேயே கிடக்கு. கொட்டகையைப் பூட்டிட்டுச் சாவியோட கனி அண்ணன் அக்கரையில கெப்பாலா பத்தாஸுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டார். நாளைச் சாயங்காலப் படகுலதான் வருவாராம். பூசை காலையில.

அப்பாகிட்ட சொல்லிடவா? சொன்னா கொட்டகை போச்சு. சொல்லலேன்னாலும் போச்சு. வாய் வரலை.

மார்ச் 28, பெரிய வியாழன்

மணிகள் ஓய்ந்தன. அப்பா குனிந்து மரமணி இருக்கும் வழக்கமான இடத்தில் கையை விட்டார். வெறுங்கை. ஒருமுறை நான் இருந்த பக்கம் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சாமியார் அப்பத்தை உயர்த்தினார். மரமணிக்குப் பதில் அப்பா கைவிரல்களை மடக்கி மரப்பலகையில் தட்டினார்.

தட், தட். பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு — தட்.

கோயிலில் ஒருத்தரும் அசையவில்லை. நான் தலை நிமிரவில்லை.

இந்தத் தாளத்தைக் கொட்டகையைத் தவிர வேறெங்கே கேட்டிருக்க முடியும்? தவக்காலத்தில் மீனைக்கூட யோசித்துத் தின்கிற மனிதர்!

வீட்டில் கஞ்சி குடித்து முடித்தோம். பிறகு அப்பா சொன்னார்: "சாயங்காலம் போய் மரமணியை எடுத்துட்டு வந்துடு. இனிமே கோயில் சாமானைத் தொடாதே."

"சரிப்பா." கொட்டகையைப் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவர் வாசலில் நின்றார். "கடைசிப் பேருக்கு ஒரு தட்டு அதிகமா அடிக்கிறே. அந்த நிழலே போதும்."

ஏப்ரல் 6, சனி

அப்பா சொல்லிவைத்த தச்சர் கொட்டகைக்கென்று புது மரமணி கொடுத்தார். பலாக்கட்டை. சத்தம் கோயில் மரமணியைவிடக் கனம்.

கடைசித் தட்டை விட்டுவிட்டேன். நிழல் தானாக இறங்கியது. காச்சாங்காரர்கூட நின்ற இடத்திலேயே நின்றார். பின்வரிசையில் ஒரே ஓர் இருமல் மட்டும். எனக்குத் தெரிந்த இருமல்.

பெயர் ஓடும்போது இருமக்கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.